நாலு லேபர் கோடும் வந்தாச்சு, ஹெச்ஆர் டீம எதுல இருந்து ரெடி பண்றது?

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

வணக்கங்க. கோவைல பம்ப்செட்டுக்கு காஸ்டிங் போடுற கம்பெனி நம்முளது. சொந்த ரோல்ல 180 பேர் பக்கம், கான்ட்ராக்ட்ல ஒரு 60 பேர். ஹெச்ஆர்னா நான், டைம் ஆபிஸ்ல ஒருத்தர், பேரோல் பாக்குற பொண்ணு ஒன்னு, அவ்வளவுதானுங்க. 2025 நவம்பர் 21ல, 29 பழைய தொழிலாளர் சட்டத்துக்கு பதிலா நாலு கோடும் அமலுக்கு வந்ததுல இருந்து எம்டி தினம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்ட் அனுப்பி "இது நமக்கு வருமா"ன்னு கேக்குறாரு, ஒரு நாள் வாரத்துக்கு நாலு நாள் வேலைங்குறாரு, அடுத்த நாள் பேசிக்க 50 பர்சென்ட் ஆக்கணுமாமேங்குறாரு. மாநில விதி முழுசா வந்து நிக்கட்டும்னு கன்சல்டன்ட் சொல்றாரு. அதுவரைக்கும் எங்க மூனு பேரையும் எப்படி தயார் பண்றது, எத முதல்ல எடுக்கறதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. பிபிடி லிங்க் வேணாம், அது கைவசம் நிறைய இருக்கு.

பேரோல்_பழசு

முதல்ல அந்த 50 பர்சென்ட் கதைய முடிச்சிருவோம், ஏன்னா எல்லாரும் அதுலதான் தப்பா ஓடுறாங்க. பேசிக்க 50 ஆக்குன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. வேஜஸ்னா கொடுக்குற எல்லாமும்தான், அதுல சிலத மட்டும் வெளிய எடுத்துக்கலாம், ஹெச்ஆர்ஏ, கன்வேயன்ஸ், எம்ப்ளாயர் பிஎஃப், ஓவர்டைம், கமிஷன் இந்த மாதிரி, வெளிய எடுத்தது மொத்தத்துல பாதிய தாண்டுச்சுன்னா தாண்டுன துண்டு திரும்ப வேஜஸ்ல வந்து சேந்துரும். இவ்வளவுதான் விஷயம்.

இதுல முக்கால்வாசி பேர் பாக்காம விடுறது ஸ்பெஷல் அலவன்ஸ். வெளிய எடுக்குற லிஸ்ட்ல அது இல்லவே இல்ல. 40,000 சம்பளம்னு வைங்க, பேசிக் 12,000, ஹெச்ஆர்ஏ 12,000, ஸ்பெஷல் 16,000. உங்க ஷீட்ல பேசிக் 30 பர்சென்ட், அதனால 20,000க்கு ஏத்தணும்னு யாராவது சொல்வாங்க. ஆனா சட்டப்படி வேஜஸ் ஏற்கனவே 28,000ல உக்காந்திருக்கு. பேசிக்க தொட்டாலும் தொடாட்டியும் அது 28,000தான்.

அதோட விளைவு கிராஜுவிட்டில, அதாவது வேலைய விடும்போது சர்வீஸுக்கு கிடைக்குற தொகைல பாருங்க. பத்து வருஷ சர்வீஸ், ஃபார்முலா மாச வேஜஸ் பெருக்கல் 15 பை 26 பெருக்கல் வருஷம். 12,000 மேல போட்டா 69,230 ரூபா. 28,000 மேல போட்டா 1,61,538. கடைசி சம்பளத்துல கணக்கு போடுறதால பழைய வருஷம் அத்தனைக்கும் சேத்து ஏறுது. டிசம்பர் காலாண்டு ரிசல்ட்ல பெரிய ஐடி கம்பெனிங்க இதுக்குன்னு தனியா ஒரு செலவு காட்டுனாங்களே, அது இதுதான். உங்க ஃபைனான்ஸ் ஆளுக்கு இந்த ரெண்டு நம்பர மட்டும் காட்டுங்க, மத்த மீட்டிங் தானா நடக்கும்.

ஐடிபார்க்_அக்கா

பேரோல் சார் சொன்னது சரி. எங்க ஆபிஸ்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி கைக்கு வர்ற சம்பளம் குறையுமா. பிஎஃப்ப 15,000 சீலிங் வரைக்கும் மட்டும் கணக்கு வச்சு 12 பர்சென்ட் கட்டுற ஆளுங்களுக்கு குறையாதுன்னு தொழிலாளர் அமைச்சகமே டிசம்பர்ல விளக்கம் கொடுத்துச்சு. முழு பேசிக் மேல கட்டிட்டு வர்றவங்களுக்குத்தான் பாக்கணும். இத முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதி வச்சதால எங்க டீம் தப்பிச்சுது, இல்லாட்டி ஒவ்வொருத்தர் டெஸ்க்குக்கும் போய் ஒரே பாட்ட பாடிட்டு இருந்திருக்கணும்.

கேண்டீன்_டீ

நாலு நாள் வேலை மேட்டர் என்னாச்சு அக்கா, அதுக்காகத்தான் இந்த இழைக்குள்ளயே வந்தேன்

சட்டம்_மட்டும்

கேண்டீன் தம்பி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு கோடுலயே இருக்கு, வாரத்துக்கு 48 மணி. அதுக்குள்ள இடைவேளையோட எத்தன மணி நேரம் பரவலாம்ங்கிறது அரசு அறிவிக்கிறதுல வரும். நாலு நாள் வேலை, மூனு நாள் லீவுன்னு எந்த உரிமையும் எழுதி வைக்கல. நம்ம ஊருக்கு இது தனி கதை வேற, 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மாதிரி ஃபேக்டரி சட்டத்த திருத்தி சட்டசபைல பாஸ் பண்ணி, எதிர்ப்பு கெளம்பி, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதல்வரே அறிவிச்சார். அதனால உங்க எம்டி ஆசைப்படுறது தமிழ்நாட்டுல லேசுல நடக்காதுங்க ஃபவுண்ட்ரி சார்.

இப்ப மெயின் கேள்விக்கு வர்றேன். "விதி வரட்டும்"ங்கிற பேச்சு பாதிதான் சரி. தனியார் ஃபேக்டரிக்கு மாநில அரசுதான் உரிய அரசு, ஃபார்ம், ரெஜிஸ்டர், எந்த வயசுக்கு மேல வருஷாந்திர ஹெல்த் செக்கப் இதெல்லாம் விதிலதான் வரும், வயசு 40னு மத்திய அரசு சொல்லிட்டு வருது. கோடு முழுசா நிலைக்கிற வரைக்கும் பழைய சட்டத்து விதிங்க முரண்படாத அளவுக்கு ஓடும். ஆனா சில விஷயத்துக்கு எந்த விதியும் தேவையில்ல, செக்ஷனே நேரா பேசுது. ஒருத்தர் வேலைய விட்டாலோ எடுத்தாலோ ரெண்டு வேலை நாளுக்குள்ள வேஜஸ் செட்டில் பண்ணணும். ஃபிக்ஸட் டெர்ம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்குற ஆளுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி. லீவு சேர 240 நாளுக்கு பதிலா 180 நாள் வேலை செஞ்சா போதும். டிடக்ஷன் எல்லாம் சேந்து வேஜஸ்ல பாதிய தாண்டக்கூடாது. டீம இதுலதான் முதல்ல உக்கார வைக்கணும்.

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

ரெண்டு வேலை நாளா? நாங்க அடுத்த மாச சம்பளத்தோட சேத்துத்தானுங்க எஃப்என்எஃப் (வேலைய விடுறவங்களோட கடைசி கணக்கு) போடுறோம். 45 நாள்னு எங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே அச்சடிச்சிருக்கு.

ரீடெய்ல்_ஹெச்ஆர்_மது

அண்ணா, நீங்க மட்டும் இல்ல, எல்லா கம்பெனி ஆர்டர்லயும் அந்த 45 இருக்கு. நான் வேலை பாத்தது கடைகள் நிறைய இருக்குற ஒரு நிறுவனம், ஆள் வர்றதும் போறதும் தினசரி. நாங்க பேப்பர்ல பாலிசி மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிஜ ரிசைன எடுத்து அது எங்கெங்க நிக்குதுன்னு பின்னாடியே போனோம். சொன்னா சிரிப்பீங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோர் மேனேஜர் ஒரு பையன்கிட்ட "நாளைல இருந்து வராத"ன்னு வாயால சொல்லி அனுப்பிட்டார். ஹெச்ஆருக்கு தகவல் வந்தது செவ்வாய்க்கிழமை, அதுவும் அட்டென்டன்ஸ்ல ஆப்சென்ட் விழுந்ததால. அதுக்குள்ள சனி, திங்கள் ரெண்டு வேலை நாளும் போயாச்சு. அப்புறம் யூனிஃபார்ம் ரெண்டு செட், லாக்கர் சாவி, அட்வான்ஸ் பாக்கி, ஒவ்வொன்னும் ஒரு கையெழுத்து, கையெழுத்து போட வேண்டிய ஸ்டோர்ஸ் ஆள் லீவு. பேரோல் வெண்டர் மாசத்துக்கு ஒரு ரன்தான் போடுவாங்களாம், நடுவுல கேட்டா எக்ஸ்ட்ரா காசு. அட்டென்டன்ஸ் கட்ஆஃப் 24ஆம் தேதி, அவன் போனது 28. பாங்க் ஃபைல் மதியத்துக்கு மேல ஏத்துனா அடுத்த நாள்தான். இதுல எந்த இடத்துலயும் சட்டம் தெரியாம யாரும் தப்பு பண்ணல, வேலை நடக்குற வழியே அப்படி இருக்கு.

அதனால என் கருத்து, செக்ஷன் நம்பர் மனப்பாடம் பண்ற ட்ரெய்னிங் வீண். ஒரு ஆள் வெளிய போறத முழுசா ஒத்திகை பாருங்க, யார் யார் கை வழியா போகுதுன்னு தெரியும், அந்த ஆளுங்கதான் ட்ரெய்னிங்ல உக்கார வேண்டியவங்க. எங்க விஷயத்துல அது ஹெச்ஆர் இல்ல, ஃப்ளோர் மேனேஜரும் ஸ்டோர்ஸும்.

சட்டம்_மட்டும்

மது சொன்னதுல ஒன்னு மட்டும் சேக்குறேன். ரெண்டு வேலை நாள் வேஜஸுக்கு, லீவு சம்பளத்துக்கும் அதே மாதிரிதான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் இருக்கு. எல்லாத்தையும் ஒரே எஃப்என்எஃப் ஷீட்ல போட்டு ஒன்னா வெளிய விடுற பழக்கத்த ரெண்டா பிரிங்க, வேலை பாதி குறையும். சாவி வரலன்னு சம்பளத்த நிறுத்தி வைக்கிற வழக்கமும் இனி ஆபத்து. கணக்குல பிடிக்க முடியுறத பிடிங்க, அதுவும் பாதி வரம்புக்குள்ள.

ஷிப்ட்_பி

நான் ஹெச்ஆர் இல்ல, யூனியன் ஆளு. இழை பூரா படிச்சேன், எல்லாரும் பேரோல் பத்தியே பேசுறீங்க தோழர்களே. 180 பேர் வேலை பாக்குற ஃபேக்டரின்னா முன்னாடி ஆள் குறைக்க அரசு அனுமதி வேணும், 100 பேர்ங்கிறது எல்லை. இப்ப அது 300. வேலை நிபந்தனைய எழுதி வைக்கிற ஸ்டாண்டிங் ஆர்டருக்கும் 300. அத பத்தி ஒருத்தரும் வாய தொறக்கல. உங்க எம்டிக்கு வர்ற ஃபார்வேர்ட்ல அது கட்டாயம் வந்திருக்கும், இங்க மட்டும் எழுதல, அப்படித்தானே.

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

வந்துச்சுங்க தோழர், பொய் சொல்ல விரும்பல. அவர் கேட்டார், நான் இப்போதைக்கு அத தொட வேணாம்னு சொல்லிட்டேன். ஃப்ளோர்ல ஏற்கனவே அந்த பயம் இருக்கு, மோல்டிங்ல ஒரு பெரியவர் நேரா என் டேபிளுக்கே வந்து "சார் இனிமே எங்கள எப்ப வேணா அனுப்பலாமாமே"ன்னு கேட்டார். என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெளிவா இல்ல.

சட்டம்_மட்டும்

அந்த பெரியவருக்கு சொல்ல வேண்டிய பதில் இருக்கு. அனுமதி எல்லை 300க்கு போனது உண்மை. ஆனா நோட்டீஸ், நஷ்டஈடு ரெண்டும் போகல, அதுக்கு மேல ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருத்தருக்கும் 15 நாள் சம்பளம் ரீஸ்கில்லிங் ஃபண்டுக்கு முதலாளி தனியா கட்டணும். தமிழ்நாட்டுல இன்னொன்னும் இருக்கு, 1981ல வந்த நிரந்தர அந்தஸ்து சட்டம், 24 மாசத்துல 480 நாள் வேலை செஞ்ச தொழிலாளி நிரந்தரம். அது மாநிலத்தோட சொந்த சட்டம், மத்திய கோடு தூக்குன 29 சட்டத்துல அது இல்ல. ஃபிக்ஸட் டெர்ம்ங்கிற பேர்ல ஆள சுழட்டலாம்னு கணக்கு போடுற ஹெச்ஆருங்க இந்த சட்டத்த பக்கத்துல வச்சு படிக்கணும்.

அப்புறம் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். சம்பள ஸ்ட்ரக்சர மாத்துறோம்னு ஒரு மெயில தட்டி விட்டுட்டு அடுத்த மாசம் அமல் பண்றாங்க. தொழிலாளிங்க விஷயத்துல வேஜஸ், அலவன்ஸ், வேலை நேரம், ஷிப்ட் இதெல்லாம் மாத்தணும்னா 21 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். பழைய சட்டத்துலயும் இருந்தது, புது கோடுலயும் இருக்கு. அலவன்ஸ இங்கிருந்து அங்க தள்ளி வேஜஸ குறைச்சுக் காட்டலாம்னு யோசிக்கிற ஆளுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

ஷிப்ட்_பி

சட்டம் தோழர் நேர்மையா சொன்னதுக்கு நன்றி. குறை தீர்க்கும் கமிட்டி பத்தியும் சொல்லிருங்க, எங்க ஃபேக்டரில அது சுவர்ல ஒட்டுன பேப்பர்ல மட்டும்தான் இருக்கு.

சட்டம்_மட்டும்

20 தொழிலாளியோ அதுக்கு மேலயோ இருந்தா கட்டாயம். மொத்தம் பத்து பேருக்கு மிகாம, ரெண்டு பக்கமும் சமமா. பெண் தொழிலாளிங்க எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பெண்கள் இருக்கணும், தலைவர் பதவி மாறி மாறி வரும், புகார 30 நாள்ல முடிக்கணும். பழைய சட்டத்துல ஆறு பேர், 45 நாள். அதனால பழைய கமிட்டி லிஸ்ட்டுக்கு தேதிய மட்டும் மாத்தி பிரின்ட் எடுத்தா சரி வராது. ஃபவுண்ட்ரி சார், இத நீங்க ஒழுங்கா உக்கார வச்சா அந்த பெரியவர் மாதிரி ஆளுங்க கேள்விக்கெல்லாம் ஒரு இடம் கிடைக்கும், உங்க டேபிளும் கொஞ்சம் மூச்சு விடும்.

பேரோல்_பழசு

கான்ட்ராக்ட் 60 பேர் என்ன வேலைங்க பாக்குறாங்க? அத யாரும் கேக்கல.

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

ஒரு பாதி ஃபெட்லிங் (காஸ்டிங்ல ஒட்டியிருக்குற மிச்சத்த எடுத்து சுத்தம் பண்றது), கிரைண்டிங். மிச்சம் லோடிங், கேண்டீன், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங். நாலஞ்சு பேர் மோல்டிங் லைன்லயும் நிக்குறாங்க, ஆள் குறையும்போது.

பேரோல்_பழசு

அதான் நெனச்சேன். கான்ட்ராக்ட் ஆளுங்க பத்தின விதி பொருந்துற எல்லை 20 பேர்ல இருந்து 50க்கு ஏறிருச்சு, நீங்க 60னு சொல்றதால உள்ளதான் இருக்கீங்க. கோர் ஆக்டிவிட்டில, அதாவது கம்பெனி எதுக்காக நடக்குதோ அந்த மெயின் வேலைல, கான்ட்ராக்ட் ஆள் கூடாதுன்னு இருக்கு. கேண்டீன், செக்யூரிட்டி, லோடிங், க்ளீனிங் கோர் இல்ல, கவலை வேணாம். ஆனா காஸ்டிங் போடுற கம்பெனில மோல்டிங் கோர் இல்லைன்னு யார்கிட்ட போய் வாதாடுவீங்க? ஃபெட்லிங்கும் எனக்கு சந்தேகம்தான். வழக்கமாவே கான்ட்ராக்டர் வழியா நடக்குற வேலை, திடீர்னு ஆர்டர் ஏறி குறிப்பிட்ட நாளுக்குள்ள முடிக்க வேண்டியது, இதுக்கெல்லாம் விலக்கு இருக்கு, ஆனா அதுக்கு ரெக்கார்ட் வேணும். டைம் ஆபிஸ் ஆள இந்த வாரமே ஒரு வேலைக்கு போடுங்க, எந்த கான்ட்ராக்ட் ஆள் எந்த மெஷின்ல நின்னார்னு கேட் என்ட்ரியோட சேத்து எழுதட்டும். மொத்தத்துல எத்தன பேர்ங்கிறது கான்ட்ராக்டர் பில்லுலயே இருக்கு, எங்க நிக்குறாங்கங்கிறதுதான் யார்கிட்டயும் இல்லாத தகவல்.

கேண்டீன்_டீ

எங்க ஆபிஸ்ல நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியாது அண்ணே

காஞ்சி_ஆட்டோபார்ட்ஸ்

லேட்டா வர்றேன், மன்னிச்சிருங்க. அப்பாயின்ட்மென்ட் லெட்டர் பத்தி யாருமே சொல்லலயே? இதுவரைக்கும் லெட்டர் கொடுக்காத பழைய ஆளுங்களுக்கு கோடு அமலான தேதில இருந்து மூனு மாசத்துக்குள்ள கொடுக்கணும். நவம்பர் 21ல இருந்து எண்ணிப் பாருங்க, 2026 பிப்ரவரி 20 வாக்குல முடிஞ்சிரும். எங்க ஏரியால இருபது வருஷம் வேலை பாத்து லெட்டரே இல்லாத ஹெல்பருங்க இருக்காங்க, பிஎஃப் நம்பர் ஒன்னுதான் ஆதாரம்.

நாங்க இத கையில எடுத்தப்ப வேலை நிறைய கெளம்புச்சு. பிறந்த தேதி ஆதார்ல ஒன்னு, பிஎஃப்ல ஒன்னு, பழைய மஸ்டர் ரோல்ல (ஆள் கணக்கு ரெஜிஸ்டர்ல) ஒன்னு. பேர்ல இனிஷியல் மாறியிருக்கு. டெசிக்னேஷன் "ஹெல்பர்"னு இருக்கு, ஆள் சிஎன்சி ஓட்டிட்டு இருக்கார். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு உக்கார வச்சு பேசித்தான் சரி பண்ணோம், தமிழ்லயே லெட்டர் அடிச்சோம், வாங்கிட்டு ஒருத்தர் அத ரெண்டு தடவ படிச்சுட்டு "இதுல போட்டிருக்குற சம்பளம்தான் இனி கணக்கா சார்"னு கேட்டார். நல்ல கேள்வி. அதனால சொல்றேன், பேரோல் சார் சொன்ன வேஜஸ் கணக்க முடிச்சுட்டு லெட்டர் அடிங்க, இல்லாட்டி தப்பான பிரிப்ப கையெழுத்து போட்டு கொடுத்துட்டு பின்னாடி முழிக்கணும்.

ஐடிபார்க்_அக்கா

சூப்பர் பாயின்ட். கிளெய்ம் போட மூனு வருஷம் டைம் இருக்குங்கிறதையும் ஞாபகம் வைங்க, ரெக்கார்ட ஒழுங்கா வைக்கலன்னா பதில் சொல்ல ஆள் மாறியிருக்கும்.

ரீடெய்ல்_ஹெச்ஆர்_மது

பெண்கள் நைட் ஷிப்ட் உங்களுக்கு வருமா அண்ணா? காலைல 6க்கு முன்ன, ராத்திரி 7க்கு மேலன்னா அவங்க சம்மதம் வேணும், பாதுகாப்பு ஏற்பாடு தனி. சம்மதத்த சேரும்போதே ஒரு ஃபார்ம்ல வாங்கி ஃபைல்ல போட்டுக்கலாம்னு ஒரு ஐடியா எல்லா இடத்துலயும் ஓடுது, எனக்கு அது பிடிக்கல, கேக்காம வாங்குன சம்மதம் அது. ஓவர்டைமுக்கும் தொழிலாளி சம்மதம் வேணும், ரேட் ரெண்டு மடங்கு, அந்த ரெண்டு மடங்கும் இப்ப புது வேஜஸ் மேல.

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

நைட்ல பெண்கள் இல்லைங்க, கோர் ஷாப்ல (அச்சுக்குள்ள வைக்கிற மணல் கோர் செய்யுற இடம்) டே ஷிப்ட் மட்டும்.

எல்லாருக்கும் நன்றி. இப்படி பிரிச்சிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. பேரோல் பொண்ணு பழைய முறைல ஒன்னு புது வேஜஸ்ல ஒன்னுன்னு ரெண்டு ஷீட்டா ரெண்டு மாசம் ஓட்டட்டும், பிஎஃப், இஎஸ்ஐ, ஓடி, கிராஜுவிட்டி நாலுலயும் வித்தியாசம் எனக்கு தெரியணும். டைம் ஆபிஸ் ஆள் கான்ட்ராக்ட் லிஸ்ட்டும் லெட்டர் இல்லாதவங்க லிஸ்ட்டும். நான் சூப்பர்வைசருங்கள உக்கார வச்சு ஒரே ஒரு விஷயம் சொல்லப் போறேன், ஒருத்தர அனுப்புறதா இருந்தா, இல்ல ஒருத்தர் நின்னுட்டதா சொன்னா, அன்னைக்கே எனக்கு போன். எம்டிக்கு அந்த 69,000, 1,61,000 நம்பர். 300 மேட்டர அவர் மறுபடி எடுத்தா 1981 சட்டத்த எடுத்து டேபிள்ல வைக்கிறேன்.

பேரோல்_பழசு

இஎஸ்ஐ ஷீட்ட கொஞ்சம் கவனமா பாருங்க. ஹெச்ஆர்ஏ முன்னாடி இஎஸ்ஐ வேஜஸ்ல உள்ள இருந்தது, இப்ப வெளிய எடுக்குற லிஸ்ட்ல இருக்கு. 21,000 சம்பள வரம்ப தாண்டி இஎஸ்ஐ-ல இருந்து வெளிய போனவங்கள்ல சிலர் திரும்ப உள்ள வர வாய்ப்பு இருக்கு. அவங்களுக்கு 0.75 பர்சென்ட் பிடிப்பும் வரும், உங்களுக்கு 3.25ம் வரும். முன்னாடியே சொல்லாம பிடிச்சா சம்பளத்தன்னைக்கு டைம் ஆபிஸ் ஜன்னல் முன்னாடி கூட்டம் நிக்கும்.

ஷிப்ட்_பி

ஃபவுண்ட்ரி தோழர், சூப்பர்வைசர் கூட்டத்துக்கு யூனியன்ல இருந்து ஒருத்தரையும் கூப்பிடுங்க. உங்ககிட்ட போன் பண்ண சூப்பர்வைசர் மறந்தாலும் எங்க ஆளு மறக்க மாட்டார்.

ஃபவுண்ட்ரி_ஹெச்ஆர்

எம்டிகிட்ட கேட்டு சொல்றேனுங்க. நான் கூப்பிடலாம்ங்கிற பக்கம்தான்.

காஞ்சி_ஆட்டோபார்ட்ஸ்

தமிழ் லெட்டர் மாடல் வேணும்னா சொல்லுங்க, கம்பெனி பேர எடுத்துட்டு இங்கயே போடுறேன். படிவம் விதில மாறுனா அப்ப மாத்திக்கலாம், பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேணாம்.

கேண்டீன்_டீ

போடுங்க அண்ணா, எனக்கும் ஒன்னு வேணும். ஏழு வருஷமா இங்க டீ போடுறேன், கான்ட்ராக்டர் மூனு தடவ மாறிட்டார், லெட்டர் யார்கிட்ட கேக்கணும்?

சட்டம்_மட்டும்

தம்பி, இப்ப இருக்குற கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க, உங்களுக்கு முதலாளி அவர்தான். எல்லா கான்ட்ராக்டர் காலத்து பிஎஃப் பாஸ்புக்கும் ஒரே யூஏஎன்ல (ஒரு ஆளுக்கு ஒரே பிஎஃப் நம்பர்) இருக்கான்னு பாத்து பிரின்ட் எடுத்து வைங்க. இல்லாட்டி இங்க எழுதுங்க, எப்படி சேக்குறதுன்னு சொல்றேன்.